எட்டு வயதில் எழுதிய தீர்ப்பு

நாங்கள் இத்தாலியில், பலெர்மோவில் இருந்த அந்தத் தொண்ணூறுகளில் என் அப்பாவுக்கு ஓர் ஐரிஷ் நீதிபதியைப் பராமரிக்கும் வேலை. அவருக்குத் தொண்ணூறை நெருங்கிய வயது. வாலிபத்தில் கப்பலேறி வந்து யாழ்ப்பாணத்தில் வழக்கு விசாரித்தவர். பிறகு கொழும்பு, ஆபிரிக்கா என்று பதவி உயர்ந்து, கடைசியில் இத்தாலியரை மணந்த மகளோடு பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் வந்து ஒதுங்கிவிட்டார். அவருடைய நாடு ஆங்கிலேயரோடு சண்டை பிடித்துப் பிரிந்தது, இவரோ அதே ஆங்கிலேயரிடம் போய்ச் சம்பளம் வாங்கினார் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார். ஐயாவுக்கு மகளின் பெயர்கூட மறந்துபோகும். முன்ஷி என்ற மொழி வாத்தியாரை வைத்துப் படித்த தமிழ் மட்டும் மறக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் அப்பாவுக்காகக் காத்திருப்பேன். அந்த வருடம் மாறுவேடத் திருவிழாவான கார்னவால் வந்தபோது வகுப்பில் எல்லோருக்கும் வேஷ உடுப்பு இருந்தது, எனக்கில்லை. ஐயாவின் அலுமாரியில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி இருந்தது. நாங்கள் சிஞ்ஞோரா என்று அழைக்கும் ஐயாவின் மகள் வெளியே போயிருந்தார். அப்பா குசினியில் சூப் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஐயா நித்திரை. நான் பெட்டியைத் திறந்து, அவர் நீதிமன்றத்தில் அணிந்த, குதிரை மயிரில் செய்த பொய்முடியை எடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்தேன். அது என் தோள்வரை வந்தது.

திரும்பியபோது ஐயா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அப்பா பிடிக்காமல் அவர் நின்று இரண்டு மாதமாகியிருந்தது. கதிரையைப் பிடித்தபடி எனக்குத் தலை குனிந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, இவனுக்குப் பத்தொன்பது வயது. சாட்சி ஒருவன் மட்டுமே. அவனும் மாற்றி மாற்றிப் பேசினான். அது எனக்குத் தெரிந்திருந்தும் தூக்கு என்று எழுதிவிட்டேன்."

தூக்கு என்றால் எனக்குத் தெரிந்தது, அப்பா அவரைக் கட்டிலிலிருந்து தூக்குவதுதான். அதில் என்ன பிழை என்று விளங்கவில்லை.

சத்தம் கேட்டு அப்பா அகப்பையோடு ஓடி வந்தார். என் தலையைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. நாங்கள் இத்தாலியில் தங்குவதற்கான அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கும் கடிதத்தில் சிஞ்ஞோரா அந்த வாரம்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

"கழட்டு பிள்ளை, கெதியா!" என்றார். பிறகு ஐயா இன்னும் எனக்குத் தலை குனிந்தபடியே நிற்பதைப் பார்த்தார். அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயா கேக்கிறார். மறுமொழி சொல்லு," என்றார் மெதுவாக.

"அப்ப விடுங்கோ. அவர் வீட்டை போகட்டும்," என்றேன்.

"எழுத்தில் தருவீர்களா?"

நான் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, ஞாயிறு தமிழ் வகுப்புக் கையெழுத்தில் 'விடுதலை' என்று எழுதினேன். 'லை'யில் சந்தேகம் வந்து அப்பாவிடம் கேட்டும் கொண்டேன். ஐயா தாளை வாங்கி நெஞ்சோடு பிடித்தபடி உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார்.

வாசலில் சிஞ்ஞோரா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. தன் அப்பா என்ன சொன்னார் என்று இத்தாலியனில் கேட்டார். அப்பா என் தலையிலிருந்து பொய்முடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, "பிள்ளையோடு விளையாடினார், சிஞ்ஞோரா," என்றார்.

எங்களைப் பொய் சொல்லவிடாத அப்பா அப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சிஞ்ஞோரா என்னை ஏசவில்லை. தன் அப்பாவின் கண்ணைத் துடைத்துவிட்டார். அடுத்த நாள் கடிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

எங்கள் வீடிருந்த போர்கோ வெக்கியோவுக்கு நடந்து வரும்போது, "அந்த அண்ணாவை இப்ப விட்டிருப்பினமோ, அப்பா?" என்று கேட்டேன்.

அப்பா என் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "ஓம் பிள்ளை. விட்டிருப்பினம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. விடுதலையானவர் நன்றி சொல்ல வராமலா இருப்பார்? அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டு மணி அடிக்கும்போதெல்லாம், தலைமயிரைச் சரிசெய்துகொண்டு நான்தான் முதலில் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.