பிமல்தாவும் ஒரு டாவும்

கொல்கத்தா சால்ட் லேக்கில் எங்களுடையது சின்னக் கம்பெனி. வேலையில் ஏஐயை எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று விதிமுறை எழுதும் பொறுப்பை முதலாளி பிமல்தா என்னிடம் கொடுத்தார். சென்னைக் கிளைக்குத் தமிழில் வேண்டும். ஆபீஸில் நான் ஒருவன்தான் தமிழ், அதுவும் இன்னும் புரொபேஷனில்.

தமிழ் பேசுவேன், எழுதத்தான் சோம்பல். ஆங்கிலத்தில் அடித்த வரைவை, ‘Bimal da பேசுவது போல இருக்கட்டும்’ என்ற குறிப்போடு ஏஐயிடமே தந்து தமிழாக்கி, படிக்காமல் அனுப்பிவிட்டேன்.

சென்னை மேனேஜர் போன் செய்தார். அவருக்கு என் அம்மா வயது.

“தம்பி, ‘கஸ்டமர் பேரை ஏஐல போடாதடா’ன்னு இருக்கு. யாரைடா சொல்றே?”

அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். வங்காளத்தில் அண்ணன் என்பதற்குப் பெயரோடு சேர்க்கும் ‘தா’வை, நான் ஆங்கிலத்தில் ‘da’ என்று எழுதியதால், ஏஐ நம்ம ‘டா’வாக எடுத்துக்கொண்டு, வரிக்கு வரி போட்டிருந்தது.

“மேடம், அது மரியாதை.”

“எந்த ஊர்ல?”

“கொல்கத்தால.”

வேலை போச்சு என்று நினைத்துத்தான் பிமல்தாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு வங்காளத்தில் கேட்டார்: “அனுப்புறவன் முதல்ல படிக்கணும்னு ஒரு ரூல் போட்டியா?”

போடவில்லை. அதை முதல் விதியாக நானே தமிழில் அடித்து, முழுக்கப் படித்து, ‘டா’வையெல்லாம் எடுத்துவிட்டு, மன்னிப்போடு அனுப்பினேன்.

மேடத்திடமிருந்து ஒரே வரி வந்தது: “படிச்சுட்டேன்டா.”

இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை டா போட்டதில்லை.