சிரிப்பு அடங்கிய மேட்னி

காஞ்சிபுரத்தில் நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு டாக்கீஸில் டிக்கெட் கிழித்தவர் அவர். காக்கிச் சட்டை, ஒல்லி உடம்பு, கையில் டார்ச் லைட். படம் ஓடும்போது திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், நான் மூன்று முறை படித்திருந்த நாவல் ஒன்று படமாகி அங்கே வந்தது. மகனைப் பறிகொடுக்கும் அப்பாவாக நடித்தவர், ஊரையே சிரிக்க வைக்கும் காமெடி நடிகர். சாவுச் செய்தி வரும் காட்சியிலும், தறியை நிறுத்திவிட்டு மேட்னிக்கு வந்திருந்த கூட்டம் அவர் முகத்தைக் கண்டதுமே சிரித்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன்.

டிக்கெட் கிழிப்பவர் கதவை மறித்தார்.

"சிரிக்கிறாங்களேன்னு போறீங்களா சார்? அஞ்சு நிமிசம் நில்லுங்க. அந்தாளு சட்டையை மடிக்கிறப்ப ஒருத்தனும் சிரிக்க மாட்டான்."

"நாவல்ல அப்படி ஒரு சட்டையே கிடையாதே?"

"படத்துல இருக்குது சார்."

திரையில் அந்த நடிகர், கொடியில் காய்ந்த மகனின் சட்டையை எடுத்தார். சுருக்கம் நீவி, பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, மடித்துப் பெட்டியில் வைத்தார். அழவே இல்லை. சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. பெஞ்சில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப போறீங்களா சார்?" என்று கதவைத் திறந்தார் அவர்.

நான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

அந்தப் படம் ஓடிய நாளெல்லாம் எத்தனை பேரை அவர் அப்படி மறித்து நிறுத்தினாரோ, அந்த நடிகருக்குத் தெரிந்திருக்காது.