இந்த இடம் வேற ஆளுக்கு

நாகவல்லிக்குக் கோபம் சட்டென்று வராது; வந்தால் போகாது. பள்ளத்தூர்க்காரி. சென்னையில், மேலே மின்சார ரயிலும் பூமிக்கடியில் மெட்ரோவும் சந்திக்கிற பெரிய நிலையத்தில், மெட்ரோ நுழைவுக் கதவுகளுக்குப் பக்கத்தில் ஆறு வருடமாக நிற்கிறாள். கதவு திறக்காமல் திருதிருவென்று முழிப்பவர்களுக்கு வழி சொல்வதுதான் வேலை. காலையில் அங்கே மூச்சுவிட இடமிருக்காது. யார் கத்தினாலும் அவளுடைய சிரித்த முகம் மாறாது. பொறுமைசாலி என்று பேர். பேர் வைத்தவர்களுக்கு என்ன தெரியும்!

அவளுடைய பன்னிரண்டாவது வயதில், ஊரில் ஒரு கல்யாணப் பந்தி. அப்பா சின்னக்கருப்பன் சாம்பாரை ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிலபுலன்காரர் முத்துராமன் வந்தார்.

"எந்திரி. இந்த இடம் வேற ஆளுக்கு."

அப்பா பிசைந்த கையோடு எழுந்தார். பிறகு சாகும்வரை எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. கல்யாணத்துக்குப் போவார், வாழ்த்துவார், வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிடுவார்.

போன ஆவணி முகூர்த்த நாளில் அதே முத்துராமன், பட்டுக்கரை வேட்டியோடு அவள் முன்னால் வந்து நின்றார். மின்சார ரயிலுக்கு எடுத்த டிக்கெட்டே கீழேயும் செல்லும் என்று நினைத்து, அதைக் கதவில் தேய் தேய் என்று தேய்த்தார். அவள் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள்.

"தாயி, தங்கச்சி பேரனுக்குக் கல்யாணம். எட்டரைக்குத் தாலி கட்டு. கதவத் தொறந்து விடு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த நாற்காலியில் சாய்ந்தார்.

மெட்ரோ டிக்கெட் கொடுக்கிற இடம் பத்தடி தள்ளி, தூணுக்குப் பின்னால்தான். அவள் காட்டவில்லை.

"எந்திரிங்க. இந்த இடம் வேற ஆளுக்கு."

எழுந்தார். வரிசையில் நின்ற கர்ப்பிணி ஒருத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே, யாரு மக நீ?"

"பள்ளத்தூரு சின்னக்கருப்பன் மக."

"எந்தச் சின்னக்கருப்பன்?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை.

"பந்தியில பாதிச் சோத்துல எழுப்பிவிட்டீகளே, அந்தச் சின்னக்கருப்பன்."

முத்துராமன் உண்மையாகவே யோசித்தார். "அப்பிடி எத்தன பேர எழுப்பியிருப்பேன் தாயி. யாருன்னு கண்டேன்?"

"நின்னு யோசிங்க. கையில இருக்குற டிக்கெட்டு இங்க செல்லாது. அவரு மொகம் ஞாபகத்துக்கு வந்ததும் சொல்லுங்க, டிக்கெட்டு எங்குட்டுக் குடுக்குறாகன்னு காட்டுறேன்."

போகிற வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தார். அந்த அவசரத்தில் யாரும் நின்று பதில் சொல்வதில்லை. எட்டரை ஆனபோதும் அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நாகவல்லி அடுத்து வந்தவருக்குச் சிரித்த முகத்தோடு வழி சொன்னாள்.