கிட்டாருக்கு வருஷத்தில் நாலு தடவை

கழக்கூட்டத்தில் எங்கள் அலுவலகக் கதவு, விரலை வைத்தால்தான் திறக்கும். ஒரு நாள் என் இடது கை விரல்கள் எதையும் அந்த இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. எதை வைத்தாலும் சிவப்பு விளக்கு. காவலுக்கு நின்றவர் என் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். மாட்டுக் குளம்புபோல் காய்த்திருந்தன.

"சாரே, வீட்டிலெ தேங்கா பொதிக்கலாணோ பணி?" தேங்காய் உரிப்பதுதான் வீட்டில் வேலையா என்கிறார்.

"கிட்டார்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது லேசாகத் தலைமுடியைக் கோதிக்கொள்வது என் வழக்கம். கோதுவதற்கு நாற்பத்தைந்து வயதில் என்ன மிச்சம் இருந்தது என்பது வேறு விஷயம்.

"என்றெ மகனும் வாசிக்கும். அவன்றெ விரல் இங்ஙனெயல்ல."

உன் மகனுக்குச் சாதகம் போதாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலை வைத்து உள்ளே போனேன். ஒரு எளிய மனிதர் போகிற போக்கில் உண்மையின் பாதியைச் சொல்லிவிட்டார். நான்தான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் திறமை எனக்கு அப்போது உச்சத்தில் இருந்தது.

அந்த கிட்டாரை நான் வாங்கியது நாற்பது வயதில். சிலர் அந்த வயதில் நடைப்பயிற்சி தொடங்குகிறார்கள், சிலர் பங்குச் சந்தைக்குப் போகிறார்கள். நான் மகளின் பிறந்தநாளுக்கென்று கடைக்குப் போய், எனக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். வலியசாலையில் எங்கள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. இரண்டு பக்கமும் பொதுச் சுவர். பக்கத்து வீட்டில் அப்பளம் பொரித்தால் எங்களுக்குக் கேட்கும். நான் அலுவலகத்திலிருந்து வந்து கை கால் கழுவியதும் கிட்டாரை எடுப்பேன். ஒரே பாட்டு. அதிலும் முதல் இரண்டு வரி. சாப்பிடக் கூப்பிடும்வரை.

"எப்படி இருந்தது?" என்று மனைவியிடம் கேட்பேன்.

"நன்னாருந்தது" என்பாள்.

கிட்டாரைப் பராமரிக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவன் அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பன். ஆரியசாலையில் மொத்த வியாபாரக் குடும்பம். அவன் மட்டும் மிளகு மூட்டையிலிருந்து தப்பி மென்பொருளில் விழுந்தவன். கல்லூரி நாளிலிருந்து கிட்டார் வாசிக்கிறவன். அலுவலக ஓணக் கொண்டாட்டத்தில் வருஷா வருஷம் மேடை அவனுடையது.

"எடா, இது மரமாக்கும், கேட்டியா. நம்ம ஊருக்கு ரெண்டு மழை. இடவப்பாதி ஒண்ணு, துலாவர்ஷம் ஒண்ணு. மழைல மரம் ஈரத்த இழுத்து வீங்கும், தந்தி மேல ஏறும். வேனல்ல காஞ்சு சுருங்கும், தந்தி எறங்கிக் கரகரங்கும். அதனால வருஷத்துல ரெண்டு தடவ செட்டிங் பார்த்தே தீரணும். நீ தொடாத. கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது, அத அறியாம திருகினா கழுத்தே போச்சு."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பின்னாளில் எங்கெங்கோ படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டேன், அத்தனையும் சரி. வைத்தியர் நோயைச் சரியாகத்தான் சொன்னார். மருந்தில்தான் விளையாடினார்.

மழை தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வருவான். எல் வடிவச் சாவி ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பான். மனைவி அவனுக்குத் தவலை அடை போடுவாள், என் தட்டில் விழாத ஓரத்து முறுகல்கள் எல்லாம் அவன் தட்டில் விழும். நான் அவர்களுக்குக் காப்பி கலக்க உள்ளே போவேன். திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும். அன்று மாலை நான் வாசித்தால் தந்தி முன்பைவிடக் கடினமாக இருக்கும்.

"செட்டிங் புதுசு, அப்படித்தான் இருக்கும். விரல் பழகும்" என்பான்.

விரல் பழகவில்லை. கால் மணி நேரம் வாசித்தால் நுனிகள் தீப்பற்றிக்கொள்ளும். அழுத்தி வைத்த சுரம் கொஞ்சம் ஏறியே ஒலிக்கும். என் காதே சரியில்லை என்று நினைத்தேன். விரல்களைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்தேன், வினிகரில் முக்கினேன். ஒரு மாதம் முழுக்க என் கையில் ஊறுகாய் வாசனை. ஓணத்துக்குப் பெயர் கொடுப்பதும், நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் "விரல் சரியில்லை" என்று பெயரை எடுப்பதும் எனக்கு ஆண்டுச் சடங்காகிவிட்டது. ஒரு முழுப் பாட்டை, நிற்காமல், நாலு பேர் முன்னால் வாசித்துவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான். அதற்கு என் கை லாயக்கில்லை என்று ஏறக்குறைய முடிவுக்கே வந்திருந்தேன்.

வருஷத்தில் இரண்டு தடவை என்றது, போகப்போக நாலாயிற்று. மகளின் வருஷப் பரீட்சைக்கு முன்னால் ஒரு தடவை வந்தான். மனைவியின் அக்கா பம்பாயிலிருந்து வந்து தங்கியபோது ஒரு தடவை வந்தான்.

"இப்ப மழை இல்லையே?" என்றேன்.

"கிளைமேட் சேஞ்ச்" என்றான். பூமிக்காகக் கவலைப்பட்டு இரண்டாவது காப்பியும் போட்டுக் கொடுத்தேன்.

போன வருஷம் அவனுக்குக் கொச்சி அலுவலகத்துக்கு மாற்றலானது. இடவப்பாதி வந்தது. தந்திகள் ஏறின. ஓணத்துக்கு இந்த முறை பெயரை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவனுக்காகக் காத்திருக்க நேரமில்லை. இணையத்தில் ஒருவர் செய்து காட்டியதைப் பார்த்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். வீணையில் மெட்டு என்கிறோமே, கிட்டாரின் கழுத்திலும் அப்படி உலோகப் பட்டைகள் உண்டு. பன்னிரண்டாவது மெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் இரண்டு ஒற்றை ரூபாய் நாணயம் நுழைந்தாலே தாராளம் என்றார் அவர். என் கிட்டாரில் மூன்று நாணயம் நுழைந்து, உள்ளே சாவகாசமாகப் புரண்டு படுத்தது.

தந்திகள் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். தந்திகளைத் தளர்த்தி அதை உருவினேன். அடியில் அதைத் தூக்கி வைக்க பிளாஸ்டிக் சீவல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. மூன்று. மேலிருந்த இரண்டும் வெள்ளை. கடைசிச் சீவல் மெரூன் நிறம், ஓரத்தில் தங்கக் கோடு.

அந்த மெரூனை எனக்குத் தெரியும். கிழக்கேகோட்டையில் ஒரு புடவைக் கடையின் வாடிக்கையாளர் அட்டை. காணோம் என்று மனைவி சொல்லி, வீட்டையே புரட்டித் தேடியவன் நான். ஓணத் தள்ளுபடிக் கூட்டத்தில் நின்று, முழங்கையால் இடிபட்டு, புது அட்டை வாங்கிக் கொடுத்தவனும் நான்.

சீவலைக் கொண்டுபோய் சமையல் மேடையில் வைத்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்த்தாள். ஆய்வதை நிறுத்தவில்லை.

"கண்டுபிடிச்சேளாக்கும்" என்றாள்.

"இது என்ன?"

"நீங்க தப்பா எடுத்துக்கப்படாது. மொதல் வருஷம் ஓர்மை இருக்கா? தெனம் மூணு மணி நேரம். அதே ரெண்டு வரி. மூணாவது வரின்னு ஒண்ணு அந்தப் பாட்டுல உண்டான்னே எனக்குச் சந்தேகம் வந்துடுத்து. பக்கத்தாத்து மாமி சுவத்தத் தட்டுவா, நீங்க தாளம் போடறான்னு சந்தோஷப்படுவேள். நான் என்ன செய்யட்டும்?"

"நிறுத்துன்னு சொல்லியிருக்கலாமே."

"மொகத்தப் பாத்தா சொல்ல வரலை. அதனால அவர்ட்ட கேட்டேன். கால் மணிக்கு மேல வாசிக்க முடியாதபடி ஏதாவது வழி உண்டான்னு. உண்டுன்னார். மெலிசா ஒரு பிளாஸ்டிக் வேணும்னார்."

"குடுத்தே."

"அடையும் குடுத்தேன்" என்றாள், கணக்கு விட்டுப்போகக் கூடாது என்பதுபோல.

சிரிப்பு வந்தது, அதுதான் என் சாபம். எந்த அடியையும் முதலில் நகைச்சுவையாகப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் எங்கே வலிக்கிறது என்று தேடுவேன். தேடியபோது வலி விரலில் இல்லை. ஊறுகாய் வாசனையோடு நான் மேசையில் உட்கார்ந்திருந்த மாதத்தில், தினமும் எனக்குப் பரிமாறியவள் இவள். பெயரை எடுக்கும் ஒவ்வொரு ஓணத்திலும் "போட்டும், அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று தோளைத் தொட்டவள் இவள். அந்தக் கை கனமில்லாமல்தான் இருந்தது.

கொச்சிக்கு ஃபோன் போட்டேன். நண்பன் இரண்டாவது மணியிலேயே எடுத்தான். எதிரி அணிக்குள் தகவல் வேகமாகத்தான் ஓடுகிறது.

"எடா, சேச்சி சொல்லிட்டாங்க. நான் என்ன பறையட்டும்? ஒரு மாசம் கஷ்டப்பட்டா நீ தானா நிறுத்திருவேன்னு நெனச்சோம். எல்லாரும் நிறுத்துவாங்க. நீ நிறுத்தல. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல, கேட்டியா."

"ஓணத்துக்கு?"

"என்ன?"

"நான் பேரை எடுத்தப்பல்லாம் நீதானே வாசிச்சே?"

"அது தற்செயலாட்டு அமைஞ்சது" என்றான். இவ்வளவு வருஷத்தில் அவன் சொன்னதில் மோசமாக இசைத்த வாக்கியம் அதுதான். ஃபோனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நாங்கள் பண்டிகைகளுக்குச் செய்தி அனுப்பிக்கொள்கிறோம். மத்தாப்புப் படமும் பூக்கோலப் படமும். அதைத் தாண்டிப் போவதில்லை.

சீவல்களை எடுத்துவிட்டு, கடையில் வாங்கிய சாவியால் இரும்புக் கம்பியை இணையத்துக்காரர் சொன்னபடி கொஞ்சம் முறுக்கி, தந்திகளை மாட்டினேன். விரலை வைத்தேன். வைத்ததுமே தந்தி படிந்தது. எஃப் என்றொரு சுரக்கட்டு உண்டு, ஒரே விரலால் ஆறு தந்தியையும் அமுக்க வேண்டும். ஆறு வருஷமாக எனக்குத் தொண்டை கட்டியவனின் இருமலாக வந்தது, அன்று மணி அடித்ததுபோல் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். அங்கேயே தரையில் உட்கார்ந்து, பொம்மையைப் பறிகொடுத்த குழந்தைபோல் உதட்டைப் பிதுக்கினேன் என்பதைப் பெருமையில்லாமல் எழுதுகிறேன்.

ஓணத்துக்கு வாசித்தேன். முழுப் பாட்டு, மூன்றாவது வரி உள்பட, நிற்காமல். சரிகைக் கரை போட்ட கசவு முண்டு இடுப்பில் நிற்குமா என்ற பயம்தான் இருந்தது, விரலைப் பற்றிப் பயமில்லை. கைதட்டினார்கள். பாயசம் வந்துவிட்டதால் தட்டினார்களா என்று ஆராயவில்லை. நான் வாசித்தது சுமார். ஆறு வருஷம் வாசித்தவனின் சுமார் அல்ல, ஆறு மாதம் வாசித்தவனின் சுமார். என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்பது மேடையிலிருந்து இறங்கும்போதுதான் சரியாகத் தெரிந்தது. மனைவி மூன்றாவது வரிசையில் இருந்தாள். காரில் வரும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் ஏசியைக் கூட்டினேன்.

துலாவர்ஷம் வந்தது. ஒரு வாரம் விடாமல் பெய்ததில் மரம் மறுபடி வீங்கித் தந்தி ஏறியது. இது சதியில்லை, வெறும் மழை. ஆனாலும் முதலில் பட்டையை உருவி அடியில் பார்த்துக்கொண்டேன். ஒன்றுமில்லை. கூடத்தில் கிட்டாரை மடியில் படுக்கவைத்து, வயிற்றுத் துளைக்குள் சாவியை விட்டேன். மழை இருட்டில் உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். "நான் பிடிச்சுக்கட்டுமா?"

"டார்ச்சை மட்டும் பிடி."

ஃபோன் வெளிச்சத்தைக் காட்டினாள். சாவியைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடத்துப் பக்கம் திருப்பினா தந்தி இன்னும் ஏறும். வலத்துப் பக்கம் திருப்பணும்."

நிமிர்ந்து பார்த்தேன். சாவியைத் திருப்பியது அவன் மட்டும்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன். அவள் வெளிச்சத்தைத் துளைக்கு நேராகவே பிடித்திருந்தாள்.

"அவர் ஊர்ல இல்லாதப்போ ரெண்டு தடவை" என்றாள்.

சாவியை அவளிடம் கொடுக்கவில்லை. வலது பக்கம் திருப்பினேன்.