சாவியில் கட்டிய அட்டை

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்து காரைத் துடைத்தேன். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து மாலை நான்கரைக்குக் கிளம்பினேன். போன வாரம் அடுத்த தெருவில் ஒரு கார் திருடுபோயிருந்தது. வாரம் இருமுறை என் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப்போவது எங்கள் காரில்தான். அதனால் கும்மிடிப்பூண்டிக் கடையொன்றில் சைரன், ஜிபிஎஸ், ஸ்டீரிங் பூட்டு மூன்றையும் ஒப்பிட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாவது சாவி எங்க சார்?" என்றார் கடைக்காரர்.

"கம்பெனி கேட்ல. லாரி வந்தா வண்டிய நவுத்தணும்னு எல்லாருமே அங்க ஒண்ணு மாட்டிடுவோம். தொலையக் கூடாதுன்னு கார் நம்பர், ஊட்டு அட்ரஸ் எழுதி அட்டை கட்டியிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். "இன்னா சார், திருடனுக்கு நீங்களே வழி எழுதி வெச்சிக்கினு எங்கிட்ட சைரன் கேக்குறீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சாவி இரண்டு வருடமாக அங்கே தொங்குகிறது. காவலாளிகள் மாதாமாதம் மாறுகிறார்கள். யாராவது நகல் எடுத்திருந்தாலும் எனக்குத் தெரியாது. தனிச் சாவி கொண்டது, கார்ச் சாவியின் நகலுக்கு மசியாது என்பதால் ஸ்டீரிங் பூட்டை மட்டும் வாங்கினேன்.

மறுநாள் காலை, காரைத் துடைக்காமல், முதலில் கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கி அட்டையைக் கிழித்தேன்.