இடது சுண்டுவிரல்

வியாகுலம்மாளின் இடது கைச் சுண்டுவிரலில் முதலில் உணர்ச்சி போயிற்று. பிறகுதான் அது வளையத் தொடங்கியது. தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப் போய், அங்கே ஒரு டாக்டரிடம் காட்டினாள். தொழுநோய் என்றார் அவர். மாத்திரையை விடாமல் போட்டால் யாருக்கும் ஒட்டாது என்றும் சொன்னார். இரண்டாவது வார்த்தையை ஊர் காதில் வாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

பாலக்கரையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் அவள் டைப்பிஸ்ட். லால்குடியில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, தங்கை செல்வமேரியைத் திருச்சிக்குக் கூட்டிவந்து படிக்க வைத்தவள். தனக்கென்று வந்த இரண்டு வரன்களையும் தட்டிக்கழித்தாள். செல்வமேரி கழுத்தில் தாலி ஏறும் வரை இந்த விரல் யார் கண்ணிலும் படக்கூடாது. அது ஒன்றுதான் அவள் கணக்கு.

மறைப்பதற்கு நன்றாகப் பழகியிருந்தாள். சூடான காபி டம்ளரைத் தொட்டதும் "ஸ்ஸ்" என்பாள். கதவிடுக்கில் கை பட்டால் உதறிக்கொள்வாள். ஆனால் டைப் மெஷின் ஏமாறவில்லை. பெரிய எழுத்து அடிக்க ஷிஃப்ட் கட்டையை மறு கைச் சுண்டுவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இங்கிலீஷ், தமிழ் என்று அடிப்பது சுலபம். இடது கை அடிக்கும் எழுத்தில் தொடங்குவதால் அவற்றுக்கு வலது சுண்டுவிரல் போதும். ஹிஸ்டரி, மேத்தமேட்டிக்ஸ், ஃபிஸிக்ஸ் எல்லாம் இடது சுண்டுவிரலைக் கேட்கும்.

ஹெட்கிளார்க் தேசிகன் ஒருநாள் தற்செயலாகச் சொன்ன விதி அவளுக்கு வரப்பிரசாதமாக வந்தது. பாஷைகளின் பெயருக்குத்தான் பெரிய எழுத்து. மற்றப் பாடங்கள் பொதுப்பெயர், சின்ன எழுத்தே போதும். அன்றிலிருந்து மாணவர் சான்றிதழ்களில் அவள் அப்படியே அடித்தாள். மாணவர் பெயரை எப்படியும் பேனாவால்தான் எழுதுவார்கள். "வியாகுலம் அடிச்சா ஒரு பிழை பார்க்க முடியாது" என்று ஸ்ரீரங்கத்துக்காரரான தேசிகன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

எழுபத்தொன்பதில் செல்வமேரிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை சவரிநாதன், கைலாசபுரத்தில் குடியிருக்கும் ஃபிட்டர். பள்ளித் தலைமையாசிரியர் தைரியராஜின் அக்கா மகன். அவரே முன்னின்று பேசி முடித்தார். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரைச் சொல்லிக் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் சபையைக் கேட்பார். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. யாரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் தைரியராஜ் சான்றிதழ்க் கட்டோடு ஆபீசுக்குள் வந்தார். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து மேலே வந்தவர்.

"என்னம்மா இது? இங்கிலீஷ் மட்டும் பெரிய எழுத்து, கணக்கு சின்ன எழுத்தா? இங்கிலீஷ் துரை, கணக்கு கூலியாளா?"

"சார், அது ரூல்" என்றார் தேசிகன். "'மேத்தமேட்டிக்ஸ் பேப்பர் ஒன்னு'ன்னு குறிப்பிட்ட பேப்பரோட பேரா வந்தா கேபிடல் போடலாம். சும்மா பாடத்தைச் சொன்னா வேண்டாம்."

"உங்க ரூலை ரெங்கநாதர்கிட்ட சொல்லுங்க அய்யங்காரே. படிச்ச பையனோட அப்பன் பார்க்கறப்ப நிறைவா இருக்கணும். எல்லாத்தையும் பெருசாப் போட்டு அடிங்க வியாகுலம். நானே உக்காந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் இடப்பக்கம் உட்கார்ந்தார். சம்பந்தி வீட்டாராகப் போகிறவர், மறுக்க முடியாது. குண்டூசி குத்திய காகிதங்களைப் பிரித்துப் பிரித்து மெஷினில் ஏற்றினாள். சுண்டுவிரல் வழுக்கும்போதெல்லாம் மணிக்கட்டைச் சாய்த்து முழுக்கையின் பாரத்தையும் அதன்மேல் இறக்கினாள். எழுத்துகள் சரியாகவே விழுந்தன. மூன்றாவது சான்றிதழின் ஓரத்தில் சிவப்பாக ஒரு தீற்றல் தெரிந்தது.

"ஐயோ, ரத்தம்! கையைக் காட்டும்மா" என்றார் தைரியராஜ்.

சுண்டுவிரல் சதையில் ஒரு குண்டூசி பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அதோடுதான் இவ்வளவு நேரம் அடித்திருக்கிறாள்.

"வலிக்கலையா?"

சான்றிதழ் பாழாகிவிட்டதே என்ற பதற்றத்தில் இருந்தாள் அவள். "இல்ல சார், வேற தாள் போட்டுடறேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் புரிந்தது. "ஸ்ஸ்" என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னால் நடிப்பாகிவிடும்.

தைரியராஜ் அந்த விரலைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"சார், மாத்திரை போடறேன். ஒட்டாதுன்னு டாக்டர்..."

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார், மிகவும் மரியாதையாக. மீதிச் சான்றிதழ்களைத் தேசிகன் அடித்தார். அவரும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. மெஷினைத் தன் மேஜைக்கு எடுத்துப்போய், துணியால் துடைத்துவிட்டு அடித்தார்.

வீட்டில், குண்டூசி குத்தியதென்று மட்டும் சொல்லி, விரலில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டாள். ஒருவேளை அவர் பேசாமல் இருந்துவிடுவார் என்ற நப்பாசை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் ஓலை வாசித்தார். பொன்மலையில் ஒரு ஜோடி, மேலப்புதூரில் ஒரு ஜோடி. தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார்.

"அக்கா, நம்ம பேரை மறந்துட்டாரா?" செல்வமேரி கிசுகிசுத்தாள்.

"மறக்கலடி."

வியாகுலம்மாள் முந்தானைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து, கட்டு அவிழ்ந்து வளைவு தெரிந்த விரலோடு முன் பெஞ்சின்மேல் வைத்தாள். செல்வமேரி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

சபை பாட எழுந்தது. செல்வமேரி நடுவழியில் இறங்கி, யாரையும் பார்க்காமல், வாசலை நோக்கி நடந்தாள். வியாகுலம்மாள் எழுந்திருக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை. பக்கத்தில் நின்றிருந்தவர்கள் பாடிக்கொண்டே சற்று விலகி நின்றார்கள்.