சாம்பலில் நின்ற விமானமும் ஒரு காதுகுத்தும்

பாலித் தீவில் நான் சமைக்கும் ஓட்டலில், சில நாட்கள் காலையில் முதல் வேலை மோட்டார் சைக்கிளைக் கழுவுவது. துணியால் துடைத்தால் பெயின்டில் கீறல் விழும். வண்டிமேல் படிந்திருப்பது பக்கத்துத் தீவின் எரிமலை கக்கும் சாம்பல். இங்கே ‘அபு’ என்பார்கள். விரலில் எடுத்துத் தேய்த்தால் பொடித்த கண்ணாடியாக நறநறக்கும்.

அப்படியொரு காலையில்தான் விமான நிலையத்தை மூடினார்கள். மறுநாள் திருவான்மியூரில் என் தங்கை கலாவின் மகளுக்குக் காதுகுத்து. கூடப்பிறந்த தாய்மாமன் நான் ஒருவன்தான். குழந்தை என் மடியில் உட்கார வேண்டும். கவுன்ட்டர் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில் விளக்கினேன். “குழந்தைக்குக் காதில் ஆபரேஷனா? டாக்டர் கடிதம் இருக்கிறதா?” என்று பரிதாபத்துடன் கேட்டாள். என் மடிக்குக் கடிதம் கொடுக்க எந்த டாக்டரைப் பிடிப்பது? பாவம், பொறுமையாகச் சொன்னாள். இஞ்சின் சூட்டில் சாம்பல் உருகி, உள்ளே ஒட்டி இறுகி, இஞ்சினே நின்றுவிடுமாம். ரேடாரிலும் சரியாகத் தெரியாதாம். வாணலியில் பாகு பிடித்துக்கொண்டால் என்ன பாடு என்று தெரிந்தவன் நான். வாணலியையாவது இறக்கி வைத்துச் சுரண்டலாம்.

கலாவுக்குப் போன் செய்தேன்.

“இன்னாண்ணா, இங்க வெயிலு மண்டய பொளக்குது, நீ சாம்பலுன்ற? கல்யாணத்துக்கும் இப்டிதான் ஜொரம்னு சொன்ன.”

வைத்துவிட்டாள். அம்மா வீட்டுவேலைக்குப் போன நாட்களில், அடையாற்றங்கரையில் அவளை இடுப்பில் சுமந்து வளர்த்தவன் நான். அவள் கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. லீவு கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயந்து சொன்ன பொய் அது. இந்த முறை உண்மையைச் சொல்லியும் எடுபடவில்லை. சாம்பல் மூடிய தெருவை வீடியோ எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாள் ஒரு போட்டோ மட்டும் வந்தது: பெரியம்மா மகன் முரளியின் மடியில் குழந்தை அழுகிறாள். எனக்கும் அழுகை வந்தது.

நான்காம் நாள் விமானம் பறந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தை கலாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒரு காதில்தான் தோடு இருந்தது.

“நல்ல நேரம் போவுதேன்னு முரளி மடியில உக்கார வெச்சிட்டேன். ஒரு காது குத்தினதும் உனுக்கு போட்டோ அனுப்பறப்பதான் உன் வீடியோவ பாத்தேன். அந்த சாம்பல்ல பறந்து வந்திருந்தா இன்னாண்ணா ஆயிருக்கும்?” கலா குழந்தையின் தோடில்லாத காதைத் தொட்டுக் காட்டினாள். “போதும்னு நிறுத்திட்டேன். இந்தக் காது உனுக்கு.”

மாலையில் பத்தர் வந்தார். என் மடியில் உட்கார்ந்த குழந்தை, ஊசியைக் கண்டதும் பக்கத்தில் நின்ற முரளியை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டி அலறினாள். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.